இரண்டு வளையங்களும் ஒருமனதான முடிவும்

மனித குலத்தை வாட்டிவரும் கேள்விகளுள் தலையாயது, அந்தக் காலத்துக் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் உசத்தியா, இந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் உசத்தியா என்பது. முடிதிருத்தும் கடைகளிலும் ரயில் பெட்டிகளிலும் இதைப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போனவர்கள் ஏராளம். விடை கண்டவர்கள் மூன்றே பேர். அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் நான்கு மாதம், பதினோரு கூட்டம், இரண்டு இரும்பு வளையம்.

மூவரில் ஒருவர் நகரக் கூடைப்பந்துக் கழகத்தின் செயலாளர். பிழைப்புக்கு அவர் எடை, அளவு சரிபார்க்கும் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து ஈய முத்திரை வைப்பவர். அவர் கைபட்ட எதுவும் முத்திரையில்லாமல் திரும்பியதில்லை. வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவுக்குக்கூட ஒருமுறை கம்பி கட்டியவர்.

கழகத்துக்கு ஐம்பது வயது ஆனதும், வாசலில் ஒரு பளிங்குப் பலகை வைத்து ‘தலைசிறந்த தலைமுறை’ எது என்று பொறிக்கத் தீர்மானித்தார்கள். பலகையில் ஒரு வரிக்குத்தான் இடம். ஆகவே ‘தலைமுறை ஒப்பாய்வுக் குழு’ பிறந்தது. பழைய தலைமுறைக்காக வாதாட வந்தவர் செயலாளரின் மாமனார். ஆறடி நான்கு அங்குலம். கழகத்தில் அவரை எல்லோரும் ‘ஒட்டகம்’ என்றே அழைத்தார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். இன்றைய தலைமுறைக்காக வந்தவர் பல் டாக்டர். பந்தைத் தொட்டதில்லை, ஆனால் உலக ஆட்டக்காரர்கள் அத்தனை பேரின் புள்ளிவிவரமும் அவர் கைபேசியில் இருந்தது.

முதல் கூட்டத்திலேயே ஒட்டகம் குண்டைத் தூக்கிப் போட்டார்.

“எங்க காலத்து வளையம் சின்னது மாப்ள. ஒரு பந்து மூச்சப் புடிச்சிக்கிட்டுப் போகும். இப்ப என்ன, அண்டாவக் கவுத்து மாட்டி வச்சிருக்கீங்க.”

“உலகம் பூரா வளையம் ஒரே அளவுதான் சார்,” என்றார் பல் டாக்டர்.

“உலகம் பூராவும் நீங்க போய் அளந்தீங்களா?”

மைதானத்தின் கிழக்குப் பக்க வளையம் ஐம்பது ஆண்டுப் பழசு. மேற்குப் பக்கத்தது எட்டு ஆண்டுக்கு முன் மாற்றியது. ஆகா, சான்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறதே என்று செயலாளருக்குப் புல்லரித்தது. மறுநாளே ஏணி வைத்து இரண்டையும் கழற்றினார். ‘சான்று அ’, ‘சான்று ஆ’ என்று சீட்டு ஒட்டி, துணியில் சுற்றி, கம்பி கட்டி, ஈய முத்திரை வைத்து, அலமாரியில் பூட்டினார். குழு கூடி அளக்கும் வேளை தவிர, இறுதி அறிக்கையில் மூவரும் கையெழுத்திட்ட பிறகே முத்திரை உடையும் என்று விதியும் எழுதினார்.

அளந்து பார்த்துவிட்டு மாட்டியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஆய்வின் நுணுக்கம் தெரியாது. அங்குல நாடாவில்தான் அளக்க வேண்டும் என்றார் ஒட்டகம். சென்டிமீட்டர் என்றார் பல் டாக்டர். அதற்கு மூன்று கூட்டம் போயிற்று. ஐந்தாவது கூட்டத்தில் முத்திரையைப் பிரித்து இரண்டு நாடாவாலும் அளந்து, மறுபடி முத்திரை வைத்தார்கள். இரண்டும் ஒரே அளவு.

“இருக்காதா பின்ன?” என்றார் ஒட்டகம் சற்றும் கலங்காமல். “அம்பது வருஷமா பந்து பட்டுப் பட்டு எங்க வளையம் அகலமாயிருச்சு.”

இதையும் ஆராய வேண்டியதாயிற்று.

நாட்டில் இப்படி அறிவு வளர்ந்துகொண்டிருந்தபோது ஒரு சின்ன இடைஞ்சல் வந்தது. செயலாளரின் மகள் கழகப் பெண்கள் அணிக்குத் தலைவி. அந்த அணி வெளியூர் வெளியூராகப் போய் ஜெயித்து அரையிறுதிக்கு வந்துவிட்டது. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு முதல்முறை. அரையிறுதி சொந்த மைதானத்தில், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு.

வியாழக்கிழமை காலை, மகள் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே கேட்டாள்.

“அப்பா, வளையம்?”

“விசாரணையில இருக்கு கண்ணு.”

“நாங்க நாலு மாசமா பலகைல சாக்பீஸால வட்டம் போட்டு அடிச்சிக்கிட்டிருக்கோம். மேட்ச்சுக்கும் சாக்பீஸா?”

“புதுசு வாங்கினா சான்றைக் கலைச்ச மாதிரி ஆயிடும்மா.”

“நீங்க வச்ச முத்திரைதானே? நீங்களே பிரிங்க.”

“வச்சவனே நெனச்சப்ப பிரிச்சா அது முத்திரை இல்ல, முடிச்சு.”

சொல்லும்போது அவருக்கே பெருமையாக இருந்தது. ஆனால் மகள் பந்தை எடுத்துக்கொண்டு போனதும், உள்ளே ஏதோ தராசு முள் மாதிரி ஆடியது. சற்று நேரம் ஆடிவிட்டு, வழக்கம்போல் விதியின் பக்கம் போய் நின்றது.

மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “என்னங்க, எனக்கு ஒரு சந்தேகம். எங்கப்பா பழைய காலம். அவ புதுக் காலம். நடுவுல நானும் அதே மைதானத்துல ஆடினேனே, நான் எந்தக் காலம்?”

“நீ... ஒப்பாய்வு வரம்புக்குள்ள வரலம்மா.”

“வருவேனா? அன்னிக்கே ஸ்கோர் எழுதுறேன்னு உக்காந்து, என்னயே பாத்துக்கிட்டு என்னோட ரெண்டு பாயிண்ட்ட எழுதாம விட்டவர்தானே நீங்க. அதுல ஒரு பாயிண்ட்லதான் அரையிறுதில தோத்தோம்.”

“அதான் உன்னக் கட்டிக்கிட்டேனே!”

“அத ஈடுகட்டிட்டதா நெனப்பா?”

வெள்ளிக்கிழமை கூடிய பத்தாவது கூட்டத்தில்தான் அந்தத் திருப்பம் நிகழ்ந்தது. செயலாளர் கழகப் பதிவேட்டைப் பிரித்து, சொந்த மைதானத்தில் மாதவாரியாக விழுந்த கூடைகளை வாசித்தார்.

“ஜனவரி, இருநூத்திப் பன்னெண்டு. பிப்ரவரி, நூத்தித் தொண்ணூத்தெட்டு. மார்ச், பூஜ்யம். ஏப்ரல், பூஜ்யம். மே, பூஜ்யம். ஜூன், இதுவரைக்கும் பூஜ்யம்.”

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவ்வளவு மோசமா விழுந்திருப்பாங்கன்னு நானே எதிர்பாக்கல சார். ஆனா வெளியூர்ல ஜெயிச்சிருக்காங்களே?”

“வெளியூர்க் கூடை நம்ம பதிவேட்டுல வராது,” என்றார் செயலாளர் வருத்தத்தோடு. விதி அது.

“எங்க காலத்துல மோசமான மாசத்துலகூட நூறு விழும்,” என்றார் ஒட்டகம் பெருந்தன்மையோடு. “சரி, புள்ளைங்களத் திட்டாதீங்க. காலம் அப்படி.”

ஞாயிறு காலை எட்டு மணிக்கே கடைசிக் கூட்டம் கூடியது. ஜன்னலுக்கு வெளியே இரண்டு அணிப் பெண்களும் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் முத்திரை உடையும், ஏணி தயார், வளையம் மாட்டப் பத்து நிமிஷம். செயலாளர் கம்பி வெட்டும் குறடைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

தடை ஒன்றே ஒன்று: அறிக்கையின் ஏழாவது பத்தி. ‘இரு தலைமுறைகளுக்கும் இடையிலான தலையாய வேறுபாடு.’

“உழைப்புன்னு போடுங்க மாப்ள.”

“பொண்ணுங்க காலைல அஞ்சு மணிக்கே வர்றாங்க சார்.”

“அப்ப வேகம்.”

“வேகம் இப்பதான் ஜாஸ்தி.”

“அப்ப ஒழுக்கம்!”

“அத எதால அளக்கறது?” என்று கேட்டவர் செயலாளர். கேட்டிருக்க வேண்டாம். அதிலேயே இருபது நிமிஷம் போயிற்று.

ஒன்பது மணிக்கு நடுவர் வந்தார். வெறும் பலகையை அண்ணாந்து பார்த்தார். இந்தப் பலகைக்குப் போய் அந்தப் பலகையையும் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“மாமா, பத்தி ஏழ விட்டுடலாம். கையெழுத்துப் போடுங்க, பின்னால நெரப்பிக்கலாம்,” என்றார் செயலாளர். முப்பது ஆண்டுப் பணியில் வெற்றுப் பத்தியோடு அவர் நீட்டிய முதல் காகிதம் அது. பேரனுபவம்தான்.

ஒட்டகம் கண்ணாடியைத் தேடி எடுத்து, நான்கு பக்கத்தையும் படித்து, ‘வீழ்ச்சி’ என்பதை ‘வரலாறு காணாத வீழ்ச்சி’ என்று திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். பல் டாக்டரும் இட்டார். செயலாளர் இட்டு, முத்திரைகளை வெட்டி, இரண்டு வளையங்களையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார்.

விசில் ஊதியபோது அவர் படியில் இருந்தார். விதிப்படி பதினைந்து நிமிஷம்தான் கெடு; அது முடிந்தது. ஆட இயலாத அணி இருபதுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்றதாக நடுவர் எழுதி, மடித்து, கிளம்பிவிட்டார்.

மனைவி மைதானத்து ஓரத்தில் நின்றிருந்தாள். “வாங்க. அன்னிக்கு ரெண்டு பாயிண்ட்ட விட்டீங்க. இன்னிக்கு முழு மேட்ச்சையும் விட்டுட்டீங்க.”

பின்னாலேயே ஒட்டகமும் பல் டாக்டரும் அறிக்கையோடு வந்து சேர்ந்தார்கள். ஒட்டகம் கணக்கைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

“இருபது பூஜ்யமா! எங்க காலத்துல ஒரு தடவகூட இப்படித் தோத்ததில்லம்மா.”

மகள் அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் பல் டாக்டரின் கையிலிருந்த அறிக்கையை வாங்கினாள். கடைசிப் பக்கம்வரை படித்தாள். “பத்தி ஏழு காலியா இருக்கே தாத்தா,” என்றாள். அப்பாவின் பையிலிருந்து பேனாவை உருவி, முழங்காலில் வைத்து ஒரு வரி எழுதி, அவரிடமே நீட்டினாள்.

தோளில் வளையங்களோடு செயலாளர் படித்தார்:

‘அவர்களுக்கு வளையம் இருந்தது.’

அடித்துவிடலாமா என்று தன் பேனாவை நீட்டிக் கேட்டார் பல் டாக்டர். செயலாளர் கீழே பார்த்தார். மூன்று கையெழுத்தும் ஏற்கெனவே இருந்தன. முடிவு ஒருமனதானது.