பஸ்ஸில் வந்த கணினி

உடம்பே இல்லாத கணினி ஒன்றை நான் பஸ்ஸில் ஏற்றுவித்திருக்கிறேன் என்றால் நம்புவீர்களா? மெய்நிகர் இயந்திரம் என்பார்கள். பெரிய சேர்வர் ஒன்றுக்குள் வாடகைக்குக் குடியிருப்பது மாதிரி. அப்படியே முழுசாகப் பிரதி எடுத்துவிடலாம்! பிட்டு ஆறிப்போகும்வரை அம்மாவுக்கு இதை விளக்கிக்கொண்டிருப்பேன்.

இரணைமடுக் குளத்து வாய்க்காலில் இன்று யாருக்குத் தண்ணீர் என்று கமக்காரரின் போனுக்குச் செய்தி அனுப்பியது எங்கள் நீர்ப்பாசன அலுவலகத்தின் அப்படியான ஒரு இயந்திரம்தான். வவுனியாத் தரவு மையத்தில் இருந்ததைக் கிளிநொச்சிக்கு மாற்றச் சொன்னார்கள். இருந்த இணைப்பில் அனுப்பினால் ஒரு கிழமை, ஏழு நாளும் பிடிக்கும். வேகமான இணைப்புக்கு அலுவலகத்தில் காசில்லை.

அந்தத் தரவு மையத்தில் வேலை செய்த வசந்தி அக்காவுக்குப் போன் எடுத்தேன். "டிஸ்கில பிரதி எடுத்து பஸ்ஸில குடுத்துவிடுங்கோ அக்கா." மருந்தும் கலியாணக் கார்டும் வருகிற பஸ்ஸில் இதுவும் வரட்டுமே.

"பழையதை நிப்பாட்டட்டோ தம்பி?"

"ஐயோ, வேண்டாம்! அதுவும் ஓடட்டும்."

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே வளர்ந்தவன் நான். எங்கள் காணி உறுதிப் பத்திரத்துக்கு மூன்று ஊரில் மூன்று பிரதி இருக்கிறது. அப்படிப்பட்டவன் ஒன்றை மட்டும் நம்புவேனா? (என் புத்தியை மெச்சி எனக்கு நானே ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.)

டிஸ்க் பத்திரமாக வந்தது. கிளிநொச்சியில் இயந்திரமும் ஓடத் தொடங்கியது. ஆனால் பிரதி எடுத்த பிறகு, பயிர் வாடுகிறதென்று அதே வாய்க்காலில் வயல் செய்யும் பார்வதி அக்காவின் முறையை முன்னுக்குப் போட்டிருந்தார்கள். அது வவுனியா இயந்திரத்துக்கு மட்டுமே தெரியும். மறுநாள் காலை அது பார்வதி அக்காவுக்குச் செய்தி அனுப்பியது. என்னுடைய கிளிநொச்சி இயந்திரம் பழைய பட்டியலைப் பார்த்து வேறொருவருக்கு அனுப்பியது. அந்த வேறொருவர் என் சொந்தத் தாய்மாமன்.

நான் ஓடிப்போனபோது இரண்டு பேரும் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார்கள். சுற்றிவரச் சனம்.

"மருமோன் கொம்பியூட்டரில இருந்தே மாமன்ர வயலுக்குத் தண்ணி திருப்பிப்போட்டான்!" என்றார் ஒருவர்.

மாமா ஒருநாளும் பிறத்தியாரின் தண்ணீரைத் தொட்டவரில்லை. அவரைப் போய்ச் சொல்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிழை என்ரதான் மாமா. ரெண்டையும் ஓடவிட்டிட்டன்."

"ஏன்ரா?"

"ஒண்டு துலைஞ்சா மற்றது இருக்கட்டும் எண்டு…"

மாமா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பார்வதி, நீ உன்ர மடையைத் திற பிள்ளை. என்ர பயிர் பொறுக்கும்."

பொறுக்கவில்லை. மேட்டுப் பக்கம் பாதி பதராகிப் போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனுசன் என்று நினைத்திருந்தேன், என் கலியாண நாள்வரை. நான் தாலியைக் கையில் எடுத்ததும் பின்னாலிருந்து மாமாவின் குரல்: "பிள்ளை, வவுனியாவிலயும் ஒண்டு ஓடுதோ எண்டு கேட்டிட்டுக் கழுத்தை நீட்டு!"

ஐயரே சிரித்துவிட்டார். நான் வீட்டுக்குப் பிந்தி வரும் நாட்களில் என் மனைவி இன்றும் வாசலில் நின்று அதைத்தான் கேட்கிறாள்.