மணல்மேட்டுக்குப்பத்தில் நாத ஒப்பீடு

நாகரிகம் அடைந்த எந்தச் சமூகமும் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. மெலிந்த உடம்புள்ள எலக்ட்ரிக் கிட்டாரில், உள்ளே முழுக்கக் காலியாக இருக்கும் ஹாலோவின் நாதம் உயர்ந்ததா, நடுவில் கட்டை வைத்த செமி ஹாலோவின் நாதம் உயர்ந்ததா? பெருநகரங்களே திணறும் இந்தக் கேள்விக்கு விடை காணும் பேறு, பழவேற்காடு ஏரிக்குள் நூற்றுப்பத்து வீடுகளோடு கிடக்கும் மணல்மேட்டுக்குப்பத்துக்கு வாய்த்தது. குப்பம் இதற்காக மனுப் போடவில்லை. மனுப் போட்டது படகுக்கு.

மனுவை எழுதியவன் தீனா. பி.காம்., வயது இருபத்தொன்பது. போன ஆடியில் அவன் மனைவி செவ்வந்தியைப் பாம்பு கடித்தது. பட்டப்பகல். இரவல் படகு. நடு ஏரியில் என்ஜின் நின்றது. மீதித் தூரத்தைக் கழி ஊன்றிக் கடந்தார்கள். அக்கரை சேர ஒன்றே முக்கால் மணி நேரம். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்பதோடு டாக்டர் நிறுத்திக்கொண்டார். மறுவாரமே தீனா எழுதினான்: நோயாளிகளைக் கொண்டுபோகக் கூரை போட்ட என்ஜின் படகு ஒன்று வேண்டும். ஒரு பக்கம். பிழை கிடையாது.

'கடலோர மலர்ச்சி அறக்கட்டளை' மனுவை அலட்சியம் செய்யவில்லை. மூன்று கூட்டம் போட்டு ஆராய்ந்தது. 'இறந்துவிட்டாள்' என்ற சொல் அதில் இருப்பதைக் கண்டுபிடித்தது. ஆகவே குப்பத்தின் அடிப்படைத் தேவை 'துயரத்துக்கு ஒரு வெளிப்பாடு' என்று தீர்மானம் ஆயிற்று. இளைஞர் இசைக்குழு தொடங்கப்படும். எந்தக் கிட்டார் பொருத்தம் என்பதைப் 'பயனாளிகள்' முன்னிலையில் நிபுணர் ஒருவர் முடிவு செய்வார். பயனாளிகள் கைதட்டலாம். என்ன ஜனநாயகம்!

குறித்த நாளில் திட்ட மேலாளர் சிவகுமார் அக்கரையிலிருந்து போன் செய்தார். "ஏறிட்டோம் தம்பி." தீனா மணியைப் பார்த்துக்கொண்டான்.

வெள்ளைக் கூரை, மெத்தை இருக்கை, இரண்டு என்ஜின். அறக்கட்டளையின் படகு வாத்துபோல வந்து நின்றது. கிட்டார்ப் பெட்டிகள் இரண்டுக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டியிருந்தார்கள். தீனா மறுபடி மணியைப் பார்த்தான்.

"இன்னா சார், கச்சேரியா?" என்றாள் மீன் விற்கும் பச்சையம்மா.

"கச்சேரி இல்லம்மா. டோன் ஒப்பீடு," என்றார் சிவகுமார்.

"அது முடிஞ்சா படகு குடுப்பீங்களா?"

"அது வேற திட்டம்மா."

நிபுணர் தொடங்கினார். "ஹாலோவில் காற்று பேசுகிறது. மரம் மூச்சு விடுகிறது. செமி ஹாலோவில் ஸ்வரம் இறுகி, நீண்டு நிற்கிறது. இந்த வித்தியாசத்தை உணர எனக்குப் பதினெட்டு வருஷம் ஆனது."

தீனாவின் மாமனார் லோகநாதன் எழுந்து வந்தார். ஃபைபர் படகு பழுது பார்ப்பவர். பழைய படகு வாங்குகிறவர்கள் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். அடியை விரல் முட்டியால் தட்டியே உள்ளே தண்ணீர் புகுந்த இடத்தைச் சொல்லிவிடுவார். இரண்டு கிட்டார்களையும் தட்டினார்.

"இது மொத்தமும் காலி. இதுல நடுவுல கட்டை கீது. அவ்ளோதான சார்?"

நிபுணர் இரக்கத்தோடு சிரித்தார். "அது சத்தம் ஐயா. நான் சொல்வது நாதம்."

ஜெனரேட்டர் ஓடியது. ஹாலோவை மீட்டிச் சத்தத்தைக் கூட்டியதும் அது ஊளையிட்டது. குப்பத்து நாய்கள் முழு ஒத்துழைப்பு நல்கின. செமி ஹாலோ அதே சத்தத்தில் ஊளையிடவில்லை.

"ஆம்ப் பெட்டியிலிருந்து வரும் சத்தம் திரும்பக் கிட்டாருக்குள்ளே போய் உடம்பை அதிரவைக்கிறது," என்றார் நிபுணர். "உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் ஊளைதான்."

தீனா அதை எழுதிக்கொண்டான். அடிக்கோடு இடவில்லை.

விருந்தினர் இறாலும் நண்டும் சாப்பிடப் போனார்கள். லோகநாதன் போகவில்லை. ஊளையிட்ட கிட்டாரைத் திருப்பிப் பார்த்தார். முகப்பில் இரண்டு பக்கமும், நாதத்துக்காகச் செய்தவனே வெட்டிவைத்த வளைவான நீள ஓட்டை. வரும் வழியில் அடிபட்டிருக்கிறது என்று லோகநாதன் நினைத்தார். பாவம், அதனால்தான் கத்துகிறது. மற்றதிலும் ஓட்டை இருந்தது. ஆனால் அது கத்தவில்லை. ஒழுகுவதை முதலில் அடைப்பதுதான் தொழில் முறை. ஃபைபர் துணியை வெட்டி, ரெசின் பூசி, இரண்டு ஓட்டையையும் மூடினார். நல்ல வெயில். நண்டு ஓடு உடைபட்டு முடிவதற்குள் இறுகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பின் 'மறைதிரைச் சோதனை'. நீலத் தார்ப்பாய்க்குப் பின்னால் சிவகுமார் மீட்டுவார். முன்னால் நிபுணர் கண்மூடிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். கிட்டாரின் முகத்தில் புதிதாக இரண்டு பிளாஸ்திரி இருந்ததைச் சிவகுமார் கவனிக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் இல்லாத எதையும் கவனிப்பவர் அல்ல அவர்.

மீட்டினார். சத்தத்தைக் கூட்டினார். ஊளை இல்லை.

"ஆகா!" நிபுணரின் இமையோரம் நனைந்தது. "செமி ஹாலோ! நடுக்கட்டை நெஞ்சுக்குள் இருந்து பேசுகிறது!"

தார்ப்பாய் இறங்கியது. ஹாலோ.

"யார் இதை அடைத்தது?" என்றார் நிபுணர்.

"நான்தான் சார்," என்றார் லோகநாதன் பணிவாக. "காசு வேணாம். இனிமே தண்ணில உட்டாலும் மெதக்கும்."

"கண்ணத்தான மூடினே நைனா," என்றாள் பச்சையம்மா. "காதையுமா மூடினே?"

நிபுணருக்குத் திடீரென்று சென்னையில் வேலை நினைவு வந்தது. சிவகுமார் தீனாவிடம் படிவத்தை நீட்டினார். "படிச்சவர் நீங்க தம்பி. அறிக்கையை நீங்களே முடிச்சுடுங்க. பாசிட்டிவா இருக்கட்டும்."

"படகு மனு சார்?"

"அதான் சொன்னேனே தம்பி, வேற திட்டம். இந்தப் படகு எங்க கருவிகளுக்கு மட்டும்தான்."

தீனா படகின் நிழலில் உட்கார்ந்து எழுதினான். சிவகுமார் கடைசி வரிவரை படிக்கவில்லை. 'அருமை' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். அறிக்கை இது:

"ஹாலோ: காற்றோட்டமான நாதம். சத்தம் கூடினால் ஊளையிடும், அடைத்தால் அடங்கும். செமி ஹாலோ: இறுக்கமான, நீண்டு நிற்கும் நாதம். ஊளை இல்லை. இரண்டுக்கும் பொதுவான சிறப்பு: ஆஸ்பத்திரி இருக்கும் கரையிலிருந்து, கூரை போட்ட படகில், லைஃப் ஜாக்கெட் அணிந்து, பதினோரு நிமிடத்தில் ஏரியைக் கடந்தன. உயிர்ச்சேதம் இல்லை."