மொட்டை மாடியில் கேசரி

"கடல் உள்ளே வருகிறது, எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்" என்று செய்தி போன கொஞ்ச நேரத்தில், விடுதியில் தங்கியிருந்த அத்தனை பேரும் துண்டும் கேமராவுமாகக் கடலைப் பார்த்து நடந்து போனார்கள். வெங்கடராகவன் அதைத் தன் கண்ணாலேயே பார்த்தார்.

திருவிடந்தைக் கடற்கரை விடுதியில் அவர் உதவி மேனேஜர். சுனாமி வந்து போன மறு வருஷம் அது. ஒத்திகை நடத்தியே ஆகவேண்டும் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டு, மார்க் போட அருணகிரி என்பவரை அனுப்பியிருந்தது. தங்கியிருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொன்னால் அது ஒத்திகை இல்லை, நாடகம் என்பது அருணகிரியின் கட்சி. மார்க் வந்தால் வெங்கடராகவன் மேனேஜர். வராவிட்டால் எவனோ ஒருவன் வருவான், அவனுக்கு இவர் தினமும் குட்மார்னிங் சொல்லவேண்டும். ஆனாலும் மனுஷர் அசரவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் இதெல்லாம் ஜுஜுபி என்ற நினைப்பு.

விசாரித்தார். கடற்கரை கேட் வாட்ச்மேன் தாவீது "கடல் உள்ள வருது" என்றுதான் இன்டர்காமில் சொல்லியிருக்கிறான். அப்படியே சொன்னால் குழந்தை குட்டியோடு இருப்பவர்கள் பயந்துவிடுவார்களே என்று ரிசப்ஷன் ஜாக்குலின் அதைக் 'கடல் கொஞ்சம் பொங்குதாம்' ஆக்கிச் சமையல்கட்டுக்குச் சொன்னாள். சமையல்கட்டு காசியம்மாள் இன்னும் நல்ல மனசுக்காரி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், "கடல் இன்னிக்கு சோக்கா கீதாம், பொறுமையா சாப்ட்டுப் போய்ப் பாருங்க" என்றுவிட்டாள்.

வெங்கடராகவன் மூன்று பேரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"நம்ம ஊர் வியாதி இது. குடியே முழுகியிருக்கும், 'ஒண்ணுமில்ல, பதறாதீங்க, மொதல்ல தண்ணி குடிங்க'ம்பாங்க. என் மாமனார் போனப்போகூட 'லேசா காய்ச்சல், கிளம்பி வாங்கோ'ன்னுதான் ஃபோன் வந்தது. இனிமே உள்ளதை உள்ளபடி சொல்லணும். புரிஞ்சுதா?"

நன்றாகவே புரிந்தது. இரண்டாவது ஒத்திகையில் காசியம்மாள் வராந்தாவில் நின்றுகொண்டு, கடல் உள்ளே வந்துவிட்டது, அல்லாரும் காலி என்று ஒரே போடாகப் போட்டாள். மாடிப்படி எங்கே என்று கேட்க யாருக்குத் தோன்றும்? சென்னைக் குடும்பங்கள் பெட்டியைக்கூட எடுக்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு கேளம்பாக்கம் பக்கம் பறந்தன. மொட்டை மாடியில் அருணகிரி மட்டும் தன்னந்தனியாக நின்று வேடிக்கை பார்த்தார்.

ஜாக்குலின் ஒவ்வொருவருக்காக ஃபோன் போட்டுக் கெஞ்சி, எல்லாம் ஒத்திகைதான் என்று சொல்லித் திருப்பி அழைத்தாள். வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, இனிமேல் நிஜமாகவே கடல் வந்தாலும் அசையமாட்டோம் என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். அருணகிரி பேனாவை மூடினார். இன்னும் ஒரே ஒரு தடவை, அதோடு சரி என்றார்.

அப்போதுதான் வெங்கடராகவனுக்கு அந்த யோசனை உதித்தது. கெட்ட செய்தியைத்தானே குறைக்கிறார்கள்? நல்ல செய்தியாகக் கொடுத்தால்? மொட்டை மாடியில் சூடாகக் கேசரி தருகிறார்கள், உடனே போகவேண்டும். இதுதான் செய்தி. சொன்னால் கொடுக்கவும் வேண்டுமே, நேர்மையான மனுஷர். பின்பக்கத்து ஓலைக்கூரைச் சமையல்கட்டில் நெய் தாராளமாக விட்டு நிஜமாகவே கிண்டச் சொன்னார். கூடவே ஊழியர்களுக்குக் கண்டிப்பாக ஓர் உத்தரவு: செய்தி வந்ததும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஏறவேண்டும், ஒருத்தருக்கும் விதிவிலக்கு கிடையாது.

பலித்தது. அதுமட்டுமில்லை, கெட்ட செய்தி போகப்போகச் சுருங்குகிற மாதிரி நல்ல செய்தி போகப்போக வளர்ந்தது. தாவீது கேசரி என்றான். ஜாக்குலின் முந்திரிக் கேசரி என்றாள். அறைகளுக்குப் போய்ச் சேரும்போது அதன் தலையில் ஐஸ்கிரீமும் ஏறியிருந்தது. கோபித்துக்கொண்டிருந்த குடும்பங்கள்தான் முதலில் ஓடிவந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாடி நிரம்பிவிட்டது.

அருணகிரி கை குலுக்கினார். இப்படி ஓர் ஏற்பாட்டைத் தான் எந்தக் கிளையிலும் பார்த்ததில்லை, மேனேஜர் பதவிக்கு இன்றே எழுதிவிடுகிறேன் என்றார். வெங்கடராகவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே மனைவி சௌந்தரவல்லிக்கு ஃபோன் போட்டு, "மேனேஜர் ஆத்துக்காரி பேசறியா?" என்றார். கீழேயிருந்து நெய் வாசனை கமகமவென்று வந்தது. கொஞ்சம் தூக்கலாகவே வந்தது.

காசியம்மாள் ஓரமாக நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். எல்லோரும் காத்திருக்கிறார்கள், கேசரி எங்கே என்று வெங்கடராகவன் அவளிடம் கேட்டார்.

"அடுப்புல கீது சார். நீங்கதான அப்டியே போட்டுட்டு ஏறச் சொன்னீங்கோ."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கடைசி ஆளாக மூச்சிரைக்க ஏறிவந்தான் தாவீது. முகமெல்லாம் கரி. கையில் ஒரு டம்ளர் தண்ணீர். வெங்கடராகவனின் தோளைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தான்.

"ஒண்ணியும் இல்ல சார், பதறாதீங்க. மொதல்ல இந்தத் தண்ணிய குடிங்க."