மரத்து மேலே ஓ.டி.பி. அண்ணன்

கொல்லிமலையில் டாக்டர் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களிலேயே அதிகம் பாடுபட்டவர், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு மிளகு விவசாயி. பரீட்சை எழுதியது அவருடைய மகள் பவித்ரா. மதிப்பெண் வாங்கியதும் அவள்தான். மற்ற எல்லாவற்றையும் அவர் செய்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மலையில் எங்கள் பகுதியான பைல் நாட்டில் இன்று அவர் பெயர் ஓ.டி.பி. அண்ணன்.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மேலே தகரக் கூரை. பன்னிரண்டாவது முடித்து டைப்பிங் கற்றவள் நான். பிள்ளைகளின் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பேன். அதிகம் பேச மாட்டேன். சில்லறை இல்லை என்பதைக்கூடத் தலையை ஆட்டித்தான் சொல்வேன். இந்தத் தொழிலுக்கு அதுவே போதுமானதாக இருந்தது, அண்ணன் வரும் வரை.

நீட் விண்ணப்பத்துக்கு முதலில் போட்டோ வேண்டும், பின்னால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் போனில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் பவித்ரா. பின்னால் அண்ணன் திருவிழாவுக்குக் கட்டும் வேட்டி. வேட்டியின் மேல் முனை இரண்டிலும் விரல்கள். ஒரு பக்கம் அண்ணனுடையவை. மறு பக்கம் அவர் மனைவி அக்காவுடையவை, வளையலோடு.

"விரல் தெரியக் கூடாதுங்கண்ணா" என்றேன்.

"ஏனுங்க அம்மிணி? புள்ளைக்கு அப்பன் ஆத்தா இருக்காங்கன்னு தெரியட்டுமே!"

அக்காவுக்கு வேறு குறை. "நான் அப்பவே சொன்னனுங்க, மூணு பேரும் சேந்து நின்னுக்கலாம்னு. புள்ளைய ஒத்தையா நிக்க வெச்சா, எந்த ஊட்டுப் புள்ளைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா, இது ரேஷன் கார்டு இல்லம்மா" என்று பவித்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கடைசியில் அதே வேட்டியை என் கடைச் சுவரில் ஆணியில் மாட்டி, பெற்றவர்கள் இருவரையும் வெளியே நிறுத்திவிட்டு நானே எடுத்தேன். அந்தப் படத்தில் பவித்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள். காரணம், என் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் இரண்டு முகங்கள்.

அடுத்தது கைரேகை. எல்லா விரல்களையும் மையில் வைத்து ஒற்றி ஏற்ற வேண்டும் என்றதும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"டாக்டருக்குப் படிக்கப் போற புள்ளைகிட்டக் கைநாட்டா?"

"எல்லார்கிட்டயும் கேக்கறாங்கண்ணா."

"எங்கய்யன் கைநாட்டு வெச்சாரு. நான் கையெழுத்துப் போடறனுங்க. இவ மறுபடியும் கைநாட்டா? இதுக்கா நான் இவள ஆஸ்டல்ல சேத்துப் படிக்க வெச்சேன்?"

கையெழுத்துக்கும் தனியாக ஒரு கட்டம் இருப்பதைக் கம்ப்யூட்டரில் காட்டினேன். அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இனி ஓ.டி.பி. விஷயம். விண்ணப்பத்தில் எதைத் தொட்டாலும் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். சில நிமிடங்களுக்குள் அதை ஏற்ற வேண்டும். விண்ணப்பத்தில் இருந்தது அண்ணனுடைய போன் எண். அவருடைய சிம்முக்கு என் கடையில் டவர் கிடைக்காது. ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் இருக்கும் அவர் வீட்டிலும் கிடைக்காது. கிடைக்கும் இடம் ஒன்றுதான்: அவருடைய காட்டு முனையில், மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தின் உச்சி.

என் எண்ணையே கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்பறம் சீட்டு உங்களுக்கு வந்துருச்சுன்னா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

ஆகவே ஓ.டி.பி. வேண்டிய நாட்களில் அவர் மூங்கில் ஏணி போட்டு மரத்தில் ஏறிவிடுவார். அது மிளகு பறிக்கிற காலம் என்பதால் வேலையும் நடந்தது. போன் சட்டைப் பையில் இருக்கும். எண் வந்ததும் அங்கிருந்தே கத்துவார். ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குக் கூப்பிட்டுப் பேசிப் பழகிய குரல். ஓடையைத் தாண்டி என் கடைக்குள் வந்து விழும்.

"அம்மிணீ! ஏழு! நாலு! ஒம்போது!"

நடுவில் மரவள்ளிக் காட்டில் களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து, எனக்குக் கேட்காமல் போயிருக்குமோ என்று இன்னொரு முறை சொல்வார்கள். மலையில் பாதிப் பேருக்கு எங்கள் ஓ.டி.பி. தெரிந்திருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டிருப்பாங்கண்ணா" என்றேன் ஒரு நாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலீங்களே. உங்களுக்குத்தான் கத்துனேன்."

பவித்ரா பரீட்சை எழுதினாள். மதிப்பெண்ணும் வந்தது. கிடைத்தால் கிடைக்கும், போனால் போகும் என்கிற மாதிரி ஓர் இடத்தில் நின்றது. அதன் பிறகு கவுன்சலிங். எந்தக் கல்லூரி வேண்டும் என்று அவளே வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அண்ணன் கல்லூரிகளைப் பார்த்து வரக் கிளம்பினார்.

அவருக்கு பஸ் ஆகாது. மலையிறங்கும் எழுபது வளைவில் மூன்றாவதிலேயே வாந்தி எடுத்துவிடுவார். அதனால் ஒற்றையடிப் பாதையில் முள்ளுக்குறிச்சிப் பக்கம் நடந்தே இறங்கி, சமதரையில் பஸ் ஏறினார். ஒரு கல்லூரி வாசலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலாளி கேட்டிருக்கிறார்.

"தண்ணியப் பாக்கணுங்க" என்றாராம் அண்ணன்.

ஒவ்வோர் ஊரிலும் ஹாஸ்டல் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் மலைத் தண்ணீரில் காய்ந்த மொச்சை சீக்கிரம் பூவாக வெந்துவிடும். மொச்சை வேகாத தண்ணீர் வயிற்றுக்கு ஆகாது என்பது இங்கே எல்லா வீட்டுக் கணக்கும்தான். ஆனால் அதை மெடிக்கல் காலேஜுக்குப் போட்டுப் பார்த்தவர் அவர் ஒருவரே. அக்கா ஒவ்வொரு பாட்டில் தண்ணீரிலும் தனித்தனியாக மொச்சை வேகவைத்தார். முடிவை என் கடையில் அறிவித்தார்கள். ஊர்ப் பெயர்களை இங்கே சொல்லவில்லை. அந்தந்த ஊர்க்காரர்கள் வருத்தப்படுவார்கள். ஓர் ஊரில் வெண்ணெய் மாதிரி வெந்தது. ஓர் ஊரில் பரவாயில்லை. இன்னோர் ஊர் மொச்சையைக் கோழிக்குப் போட்டதில், கோழியே விட்டுவிட்டுப் போய்விட்டது.

"கட்-ஆஃப் பாத்துத்தாம்ப்பா போடணும்" என்றாள் பவித்ரா.

"கட்-ஆஃப் நீ பாரு சாமி. தண்ணி நான் பாத்துட்டேன். அந்தக் கோழி வேண்டாம்னு சொன்ன ஊரை மட்டும் எடுத்துரு."

"அது ஒண்ணுதாம்ப்பா எனக்குக் கிடைக்கிற மாதிரி இருக்கு."

அண்ணன் எழுந்து போய் ரோட்டைப் பார்த்து நின்றார். இந்த ஒரு ஊரைச் சேர்ப்பதா எடுப்பதா என்பதிலேயே நாட்கள் போயின. பிறகு காற்றில் மரம் விழுந்து கரண்ட் போயிற்று. அது திரும்பி வந்தது, வரிசையை உறுதி செய்யக் கடைசி நாள் சாயங்காலம். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். அன்று தவறினால் இந்த வருடம் இல்லை. அடுத்த வருடம் மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும்.

நானும் பவித்ராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். "இருக்கட்டும். கடைசியில இருக்கட்டும்" என்று காலையிலேயே அண்ணன் சொல்லிவிட்டதால், கோழி வேண்டாம் என்ற ஊர் கடைசி வரிசையில் இருந்தது. உறுதி செய்ய ஓர் ஓ.டி.பி.தான் பாக்கி. அண்ணன் மரத்தில் இருப்பார் என்று நான் பட்டனை அழுத்தப் போனேன்.

கடை வாசலில் அண்ணன் நின்றார். திருவிழா வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. பக்கத்தில் அக்கா தலையில் பூவோடு.

"இத்தனை பெரிய காரியத்த மரத்து மேல இருந்து கத்தி முடிச்சா மரியாதையா இருக்குமாங்க? அதான் நேர்ல வந்துட்டோம்" என்று சொல்லி, போனை இரண்டு கையாலும் என் மேசை மேல் வைத்தார்.

"அண்ணா... டவரு" என்றேன்.

அவர் போனைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்ச் சரிவில் தன் மரத்தைப் பார்த்தார். அடுத்த நொடி போனை எடுத்துப் பையில் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஓடைக்குள் இறங்கி மறைந்த வெள்ளை வேட்டி அந்தப் பக்கம் ஏறியது. மழை பிடித்துக்கொண்டது. வேட்டி மரத்தில் ஏறி உச்சிக்குப் போனதும் பட்டனை அழுத்தினேன்.

அவர் கத்துகிறார் என்று தெரிந்தது. தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போதாததற்கு பஸ் ஒன்று வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது.

நான் ரோட்டுக்கு ஓடினேன். "அண்ணா! கேக்கலீங்க! ஒவ்வொண்ணாச் சொல்லுங்க!" என்று கத்தினேன். அவ்வளவு பெரிய சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். "என்ன, ஓ.டி.பி.யா? வண்டிய அணைச்சுட்டேன். கத்தச் சொல்லுங்க!"

அக்கா அதற்குள் ஓடைக் கரைக்குப் போய்விட்டார். மரவள்ளிக் காட்டிலிருந்து ஒரு பெண் எதிர்க் கரைக்கு வந்தாள். மரத்திலிருந்து எண் அவளுக்கு வந்தது. அவளிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து பவித்ராவுக்கு. ஆறாவது எண்ணைச் சொல்லிவிட்டு மழையிலேயே நின்றேன்.

"ஆயிருச்சுக்கா!" என்று உள்ளேயிருந்து பவித்ராவின் குரல் வந்தது. டிரைவர் ஹாரனை நீளமாக அடித்தார். மரத்து உச்சியில் வெள்ளைத் துண்டு ஒன்று ஆடியது.

சீட்டு கிடைத்தது. கோழி வேண்டாம் என்ற ஊரில்தான்.

"பரவால்ல சாமி. அங்க மொச்சை மட்டும் திங்காத" என்றார் அண்ணன்.

சேரப் போன அன்று, மகளைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று எழுபது வளைவையும் பஸ்ஸில் உட்கார்ந்தே இறங்கினார். வழியெல்லாம் பை பிடித்து, முதுகைத் தடவி, எலுமிச்சம்பழம் கொடுத்து அழைத்துப் போனவள் பவித்ரா. அவளுடைய முதல் நோயாளி அவர்தான்.

இப்போது புது டவர் வந்துவிட்டது. அண்ணன் வீட்டுக்குள்ளேயே போன் நன்றாகக் கேட்கிறது. ஆனாலும் சாயங்காலம் மகள் கூப்பிடும் நேரத்துக்கு அவர் மரத்தில் ஏறிவிடுகிறார். "சாப்டியா கண்ணு?" என்று அவர் கத்துவது என் கடைக்குக் கேட்கும். அவள் என்ன சொல்கிறாள் என்பது கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து அவர் சிரிப்பார்.

அதைக் கேட்ட பிறகுதான் நான் கடையைச் சாத்துகிறேன்.