துடியனின் கடித்தடம்

ஒரு காட்டில் குட்டை ஒன்று இருந்தது. அதற்குக் காவல் ஒரு நாய். அந்த ஒரு நாயைக் கவனித்துக்கொள்ள ஓர் அலுவலகமும், அலுவலகத்தில் பதினேழு பதிவேடுகளும் இருந்தன. கோடையில் குட்டை வற்றும். பதிவேடுகள் வற்றியதில்லை.

காவல்நாயின் பெயர் கருவாயன். பதினோரு வருடம் குறை சொல்ல முடியாத வேலை. ஐப்பசி மழையில் குட்டை உடைப்பெடுத்தபோது, பணி நேரத்தில் கரையை விட்டு நகரக் கூடாது என்ற விதியை மதித்து அங்கேயே நின்றான். கரை போனபோது அதோடு போனான். அலுவலகத்தில் இரண்டு நிமிட மௌனத்துக்கு உத்தரவாயிற்று. எழுத்தர் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் அனுசரித்தது. உள்ளேயிருந்து குறட்டை கேட்டதாகச் சிலர் சொன்னார்கள்.

கருவாயனுக்கு வெள்ளச்சி என்று மனைவி, துடியன் என்று மூன்று மாதக் குட்டி. குட்டையோரப் பாறைக்குடைவு காவல்நாய்க்கென்று ஒதுக்கிய குடியிருப்பு. அதில் கருவாயன் படுத்துப் படுத்துப் பள்ளமான ஓர் இடம் இருந்தது. வெள்ளச்சி அதில் படுக்காமல் பக்கத்தில் சுருண்டுகொள்வாள். குட்டி அதில் ஏறினால் கழுத்தைக் கவ்வி இறக்கிவிடுவாள். ஏன் என்று குட்டி கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

பணியில் இறந்த காவல்நாயின் வாரிசுக்குக் கருணை அடிப்படையில் அதே வேலை உண்டு. அந்தக் கருணைக்கு ஏழு படிவங்கள். வாரிசுக்கு ஏழு மாதம் நிறைந்ததும் வேலை கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் அந்த மாதக் கடைசியில் குடைவைக் காலி செய்துவிட வேண்டும். காத்திருப்பு வரிசையில் அடுத்ததாகப் பெயர் பதிந்திருந்த கீரி ஒருநாள் வந்து, குடைவின் நீள அகலத்தைத் தன் வாலால் அளந்துகொண்டு போயிற்று. நாய்வாடை போக எத்தனை நாள் ஆகும் என்று மரியாதையாகத்தான் விசாரித்தது.

ஆள்மாறாட்டத்தைத் தடுக்கக் கடித்தடம் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். தேன்மெழுகு வில்லையை வாரிசு ஒருமுறை கடித்துக் கொடுக்க வேண்டும். வேலையில் சேரும் நாளில் இன்னொரு முறை கடிக்க வேண்டும். இரண்டும் பொருந்த வேண்டும். முன்பு ஒரு நரி, நாயின் மகன் என்று சொல்லி இரண்டு வருடம் காவல் பார்த்துவிட்டதாம். மிக நன்றாகப் பார்த்ததாம். அதில்தான் சந்தேகம் வந்திருக்கிறது.

இந்த முறையை வகுத்தது ஆமை. பிறந்ததிலிருந்து அதன் வாயில் ஒரு பல்கூட இல்லை. ஆகையால் பல் விஷயத்தில் பாரபட்சம் காட்டாது என்று அதனிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

துடியன் மூன்றாம் மாதத்தில் வில்லையைக் கடித்தான். ஊசி ஊசியாக இருபத்தெட்டுக் குழிகள் விழுந்தன. மிகத் தெளிவான தடம் என்று ஆமையே பாராட்டியது.

நான்காம் மாதம் ஈறு நமைக்கத் தொடங்கியது. துடியன் கண்டதையெல்லாம் கடித்தான். ஆலமர வேரைக் கடித்தான், அம்மாவின் வாலைக் கடித்தான், ஒன்றும் கிடைக்காதபோது தன் காலையே கடித்துவிட்டு யார் கடித்தது என்று திரும்பிப் பார்த்தான். வெள்ளச்சி குட்டையின் சேற்றுக்குள் குளிர்ந்து கிடக்கும் கோரைக்கிழங்கைத் தோண்டி வந்து மெல்லக் கொடுப்பாள். ஒரு நாள் கிழங்கில் ரத்தம் தெரிந்தது. அரிசி அளவில் ஒரு பல் அதில் குத்தி நின்றது. பிறகு வரிசையாக விழுந்தன. பாதியை இரையோடு விழுங்கினான், மீதி புல்லில் போயிற்று. மூன்றை மட்டும் வெள்ளச்சி கண்டெடுத்துக் கருவாயனின் பள்ளத்தில் போட்டு வைத்தாள்.

ஏழு மாதம் நிறைந்தபோது துடியனின் வாயில் நாற்பத்திரண்டு பற்கள், ஒவ்வொன்றும் அப்பனின் பல் போல. இடதுபக்க மேல் கோரைப்பல்லை ஒட்டி ஒரு பால்பல் மட்டும் விழாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த இடத்தில் ஈறு இன்னும் நமைத்தது.

வெள்ளச்சி அவனை நக்கிச் சுத்தம் செய்து அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். வரிசையில் அவர்கள் ஒன்பதாவது. முன்னால் நின்ற முயல், தான் உயிரோடு இருப்பதற்குச் சான்று வாங்க மூன்றாம் முறையாக வந்திருப்பதாகச் சொல்லிற்று. ஆமை நிமிர்ந்து பார்த்தபோது உச்சி வெயில்.

துடியன் புது வில்லையைக் கடித்தான். ஆமை பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தது. பிறகு இது வேறு ஆள் என்றது. இருபத்தெட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பதுக்கு மேல் இருக்கிறதாம். கூடுதல் பல்லுக்கு அனுமதி வாங்கினீர்களா என்றும் கேட்டது.

"ஐயா, குட்டிகளுக்குப் பால்பல் விழும். எல்லாக் குட்டிக்கும் விழும்" என்றாள் வெள்ளச்சி.

"எனக்கு விழவில்லையே அம்மா" என்றது ஆமை.

அப்படியே விழுந்திருந்தாலும் விழுந்த பல் இருபத்தெட்டையும் வரிசை எண்ணோடு ஒப்படைக்க வேண்டும் என்று விதியைக் காட்டிற்று. மூன்றுதான் இருக்கிறது, மற்றவற்றைப் பிள்ளை விழுங்கிவிட்டான் என்று வெள்ளச்சி சொன்னாள். ஆவணத்தை விழுங்கியது தனிக் குற்றம், ஆனாலும் இன்று அதை எழுதிக்கொள்ளவில்லை என்று ஆமை பெருந்தன்மையாகச் சொன்னது. வாசலில் கீரி வாலை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வெள்ளச்சி குடைவைப் பற்றிப் பேசினாள். கோடை வருகிறது என்றாள். கருவாயன் கரையில் நின்றதைப் பற்றி மட்டும் அவளால் பேச முடியவில்லை. துடியனுக்கு இதெல்லாம் புரியவில்லை. ஈறு நமைத்தது. எதிரே பாக்குமட்டையில் கட்டிய ஒரு கோப்பு, மொறுமொறுவென்று காய்ந்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. அது அவன் அப்பாவின் கோப்பு.

அவன் கடித்தான்.

ஆமை தன் வாழ்நாளிலேயே முதல்முறையாக வேகமாக நகர்ந்தது. கோப்பைப் பிடுங்கிக் கடிபட்ட ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தது. தடித்த குழிகள் பல. நடுவில் ஊசியாக ஒரே ஒரு குழி. ஓடிப்போய்ப் பழைய வில்லையை எடுத்துவந்து வைத்துப் பார்த்தது. இடது மேல்வரிசையில் அச்சு அசலாகப் பொருந்தியது.

"அகப்பட்டாயா" என்றது ஆமை. "கருவாயன் மகன் துடியன். பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒரு பல் போதும் எனக்கு."

வெள்ளச்சி காதை நிமிர்த்தினாள்.

"இவன் துடியன்தான் என்கிறீர்களா ஐயா?"

"சந்தேகமே இல்லை."

"எழுதிக் கொடுத்துவிடுங்கள்."

ஆமை கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டது.

வழக்கு மேலதிகாரி முதலையிடம் போயிற்று. முதலை குட்டையில் பாதி உடம்பை வைத்துக்கொண்டே கோப்பைக் கேட்டது. விதிகளைப் புரட்டியதில் ஒரு சிக்கல் தெரிந்தது. கோப்பைக் கடித்த ஊழியனுக்குத் தண்டனை உண்டு. ஊழியனல்லாதவன் கடித்தால் என்ன செய்வது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒருவனும் இதுவரை அவ்வளவு அருகில் அனுமதிக்கப்பட்டதில்லை. குற்றவாளியைத் தப்பவிட முடியாது என்று முதலை உறுமியது. உறுமியபோது அதன் வாயிலிருந்து ஒரு பல் தண்ணீரில் விழுந்தது. மாதத்துக்கு இரண்டு மூன்று விழும், மறுபடி முளைக்கும். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அதனிடம் யாரும் கடித்தடம் கேட்டதில்லை.

அன்று மாலையே உத்தரவு வந்தது. துடியன் நேற்றைய தேதியிட்டுக் காவல்நாயாக நியமிக்கப்பட்டான். இன்றைய தேதியிட்டுத் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டான். விசாரணை முடியும்வரை குட்டையின் பக்கம் காவலுக்கு வரக் கூடாது. சம்பள எலும்பில் பாதி பிழைப்பூதியமாக வீட்டுக்கே வரும். குடியிருப்பில் தொடர்ந்து இருக்கலாம். காவல் பொறுப்பை, எலும்பு ஏதுமில்லாமல், கீரி கூடுதலாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். விசாரணை அதிகாரி, ஆமை.

மூன்றாம் நாள் துடியனின் கடைசிப் பால்பல் விழுந்தது. வெள்ளச்சி அதை எடுத்து மற்ற மூன்றோடு வைத்து, மண்ணைத் தள்ளி மூடினாள். அன்று துடியன் அந்தப் பள்ளத்தில் ஏறிப் படுத்தான். அவள் அவனை இறக்கிவிடவில்லை.

விசாரணைக்கு அழைப்பு வர ஒரு வருடம் ஆயிற்று. துடியன் போய் வில்லையைக் கடித்தான். பழைய வில்லையோடு ஒரு குழிகூடப் பொருந்தவில்லை. இவன் குற்றவாளி அல்ல என்று ஆமை திருப்பி அனுப்பியது. உண்மையான துடியன் கிடைக்கும்வரை விசாரணை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பாதி எலும்பு மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

நீதி: யோக்கியன் என்று காட்ட இருபத்தெட்டுப் பல்லும் பொருந்த வேண்டும், குற்றவாளி என்று காட்ட ஒரு பல் போதும். ஆகவே குழந்தைகளே, அலுவலகத்துக்குப் போனால் கைகட்டி நின்று நேரத்தை வீணாக்காதீர்கள். எட்டுகிற கோப்பாகப் பார்த்துக் கடியுங்கள்.