பிரான்ஸ் ஐயா திறந்த கோவை

உலகத்தில் எத்தனையோ உதைபந்தாட்ட வீரர்களுக்குச் சிலை இருக்கிறது, பெயரில் தெரு இருக்கிறது. ஆனால் கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில், ஊழியரின் சேவை விபரங்களைச் சேர்த்து வைக்கிற சுயவிபரக் கோவை இருந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் பிரான்ஸ் தேசத்துப் பின்வரிசை ஆட்டக்காரர் லூயி. கோவையைத் திறந்தவர், ஊழியர் விவகாரங்களைப் பார்க்கிற தாபனப் பிரிவில் எனக்கு அடுத்த மேசையில் இருந்த பிரான்ஸ் ஐயா.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். ஐயா மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கடுகண்ணாவை மலையைத் தாண்டி பஸ் கீழே இறங்கினாலே அவருக்குத் தலை சுற்றும். கிரிக்கெட்டுக்கும் ரக்பிக்கும் உயிரை விடுகிற ஊரில் இருந்துகொண்டு, பிரான்சின் இரண்டாம் தர அணி ஒன்றில் பின்னால் நிற்கிற மனிதனைப் பற்றி அவர் கவலைப்பட்டதால் இந்தப் பட்டம் கிடைத்தது.

எல்லாம் புசல்லாவையில் வேலை பார்த்த காலத்தில் ஆரம்பித்ததாம். மண் சரிந்து பஸ் நின்றுபோன ஒரு மாலை, ஐயா தேநீர்க் கடையில் ஒதுங்கியிருக்கிறார். தொலைக்காட்சியில் ஏதோ ஆட்டம். ஒல்லியான ஒரு புதுப் பையன் எதிரி உதைத்த பந்தை மூக்கில் வாங்கினான். ரத்தம் கொட்டக் கொட்ட எழுந்து, வழுக்கி விழுந்திருந்த அந்த எதிரியையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அதற்குள் கடைக்காரர் நாடகத்துக்கு மாற்றிவிட்டார். மறுநாள் ஐயா சொந்தக் காசில் ஒரு கோவை வாங்கி, லூயி என்ற அந்தப் பையனின் பெயரை மேலே எழுதி, முதல் தாளில் "முதல் நியமனம்" என்று எழுதினார்.

அன்றிலிருந்து பதினான்கு வருடம் லூயி அரச ஊழியர்தான். அவர் அணி மாறினால் "சேவைத் தேவை கருதி இடமாற்றம்". ஒரு பருவத்துக்கு மட்டும் இன்னோர் அணிக்கு இரவல் போனால் "தற்காலிக இணைப்பு". முழங்கால் பிசகினால் "மருத்துவ லீவு". இத்தனை வருடத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லையே என்று நான் சீண்டினேன். அது அவருடைய கடமைப் பட்டியலில் இல்லை என்று ஐயா அமைதியாகச் சொன்னார்.

ஒருமுறை லூயி தலையால் முட்டிய பந்து சொந்த அணியின் கோலுக்குள்ளேயே போய்விட்டது. ஐயா "கவனயீனம், வாய்மொழி எச்சரிக்கை" என்று பதிந்தார். பதிந்தால் போதுமா, எச்சரிக்கையை வழங்க வேண்டாமா? பதிவேட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கைத்தொலைபேசியில் இருந்த லூயியின் படத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் கண்டித்துவிட்டு வந்தார். வெளியே வரும்போது அவர் முகம்தான் வாடியிருந்தது.

சிவப்பு அட்டை வாங்கிய போது முறையான விசாரணையே நடந்தது. பகல் சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேருக்கு அந்தக் காட்சியைக் காட்டி அபிப்பிராயம் கேட்டார். காலை வாரியது நிச்சயம், குற்றவாளிதான் என்றேன். தீர்ப்பு விடுதலை என்று வந்தது. என் சாட்சியத்துக்குப் பக்கத்தில் "சாட்சி ஆட்டம் அறியாதவர்" என்று குறித்திருந்தார்.

போன வருடம் லூயி ஓய்வு பெற்றார். முழங்கால் ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டது. அவருடைய அணி இணையத்தில் இரண்டு வரி போட்டதோடு சரி. அன்று ஐயா சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை.

"பதினாலு வருஷம் தம்பி," என்றார். "ஒரு பிளேன்டீ குடுத்து அனுப்புனானுங்களா?"

நம் அலுவலகங்களில் இது சின்ன விஷயம் அல்ல. வேலையே செய்யாதவருக்கும் கேக், ரோல்ஸ், மாலை, பொய்ப் பேச்சு எல்லாம் உண்டு. லூயிக்கு நாம் செய்வோம் என்று ஐயா முடிவெடுத்தார். கூட்ட மண்டபம் கேட்டு முறைப்படி கடிதம் எழுதி, கோவையையும் இணைத்து மேலதிகாரிக்கு அனுப்பினார்.

மேலதிகாரி தெல்தெனியவிலிருந்து புதிதாக வந்த சிங்கள மெடம். தமிழ் பேசுவார், வாசிப்பது மெதுவாக. அவர் படிவங்களை மேலோட்டமாகப் புரட்டினார். பதினான்கு வருடச் சேவை, ஆறு இடமாற்றம், ஒரு விசாரணை, அதிலும் விடுதலை. இப்படிப்பட்ட உத்தியோகத்தரை இதுவரை தனக்கு ஏன் அறிமுகப்படுத்தவில்லை என்று பிரிவுத் தலைவரைப் பேசவே விடாமல் ஒரு பிடி பிடித்தார். தானே வந்து மாலை போடுவதாகவும் எழுதிவிட்டார்.

ஐயாவின் ஓய்வுக்கு ஐந்தே மாதம் இருந்தது. இல்லாத ஊழியருக்குக் கோவை வைத்தார் என்று ஒரு விசாரணை தொடங்கினால் ஓய்வூதியம் எந்த மேசையில் முடங்குமோ தெரியாது. கடிதத்தைத் திருப்பி எடுங்கள் என்று கெஞ்சினேன். கோவையில் ஒரு வரிகூடப் பொய் இல்லையே என்றார் அவர்.

பிரியாவிடை நாளில் மெடம் மாலையோடு வந்தார். நடுக் கதிரையில், அரைக் காற்சட்டையும் சேறு படிந்த முழங்காலுமாக லூயியின் படம் இருந்தது. மெடம் படத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். ஐயா எழுந்தார்.

"இவரு நம்ம ஆபிஸ் ஆள் இல்லீங்க மெடம். பிரான்ஸ்ல பந்து விளையாடுனவரு. பதினாலு வருஷம் பின்னுக்கு நின்னு காத்தாரு. கோல் போட்டவனைத்தான் எல்லாரும் தூக்குறாங்க. இவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அதான் கூப்பிட்டேங்க."

மெடம் கோவையின் கடைசித் தாளைத் திறந்து நெடுநேரம் வாசித்தார்.

"இப்ப முழங்கால் எப்பிடி?" என்று கேட்டார். நடக்கிறாராம், ஓட ஏலாதாம் என்றார் ஐயா. மெடம் தலையாட்டிவிட்டு, படத்துக்கு மாலையைப் போட்டு, ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு, கோவையைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.

மறுநாள் காலை எனக்கு உத்தரவு வந்தது: இந்தக் கோவையைப் பேணியவரின் கோவையை உடனே அனுப்பவும்.

அடுத்த மேசைக்காரரின் கோவையை அன்றுதான் முதன்முதலாகப் பிரித்தேன். முப்பத்தொரு வருடம், ஏழு இடமாற்றம். ஒரு எச்சரிக்கை இல்லை. ஒரு பாராட்டும் இல்லை. இத்தனை நாள் இந்த மனிதரையா கேலி செய்து பிழைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. மூன்று நாள் ஐயா மேசையில் தலை குனிந்தே இருந்தார்.

நான்காம் நாள் ஐயாவின் கோவை திரும்பி வந்தது. மேலே புதிதாக ஒரு தாள். முப்பத்தொரு வருடமாக எவரும் சொல்லாமலே பதிவேடுகளைப் பிழையின்றிக் காத்ததற்காகப் பாராட்டு, கீழே மெடத்தின் கையொப்பம். நான் அதை ஐயாவிடம் நீட்டினேன். மூன்று தடவை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பக்க நம்பர் போட்டுட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

போட்டிருந்தேன். விதிப்படி மூலையில் சிறிதாகப் போட வேண்டியதை, அவருக்காகக் கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தேன்.