மறுபடம் இல்லாத நூறு நாள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் சாதித்தது எது என்று கேட்டால், வடக்கு ஜாவாக் கடலோரத்து மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்ரே பிரிவைத்தான் காட்ட வேண்டும். நூறு நாளாக அங்கே ஒரு படம்கூடக் கழிக்கப்படவில்லை. ஒரு படம்கூட மறுபடி எடுக்கப்படவில்லை.

அதற்கு முன் நூற்றுக்குப் பன்னிரண்டு படங்கள் வீணாகிக்கொண்டிருந்தன. "நேரா நிக்க வைக்கணும், எப்ப மூச்சை அடக்கணும்னு சொல்லித் தரணும், அதுக்கு இன்னொரு ஆள் வேணும்" என்று எக்ஸ்ரே எடுக்கும் ரெட்னோ மூன்று கூட்டங்களில் சொல்லிப் பார்த்தாள். இயக்குநர் டாக்டர் ஹர்யோகோ அதைவிட ஆழமாகச் சிந்தித்தார். 'எடுத்த படமே நல்ல படம்' என்று சுற்றறிக்கை விட்டார். மறுபடி எடுக்கும் படங்களைக் காரணத்தோடு குறித்துவைக்கும் மறுபடப் பதிவேட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மறுநாளே வீண் படங்கள் பூஜ்யம்! அறிவியல் இவ்வளவு எளிதா என்று ரெட்னோ வியந்துபோனாள்.

நூறாம் நாள் விழாவில், அந்த ஊர் விழா வழக்கப்படி, மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்திருந்தார்கள். பக்கத்திலேயே அந்தப் பதிவேட்டையும், வெற்றுப் பக்கங்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி விரித்து வைத்திருந்தார்கள். ரெட்னோவின் கையில் மட்டும் சுகேமியின் மார்புப் படம் இருந்தது. அவர் உப்பளத் தொழிலாளி. இரண்டு மாத இருமல். எடுக்கும் நேரம் பார்த்து இருமியதில் வலது நுரையீரலின் அடிப்பகுதி படத்தில் விழவில்லை. 'ஏதோ நிழல் தொடங்குகிறது. மிச்சத்தையும் பார்க்காமல் மருந்து எழுத முடியாது' என்று மார்பு டாக்டர் திருப்பி அனுப்பியிருந்தார்.

"ஐயா, ஒரே ஒரு தடவை எடுத்துக்கறேன்" என்று இயக்குநரிடம் கேட்டாள்.

"இன்னிக்கா? நல்லாப் பாத்த போ நேரம்! நாளைக்கு வரச் சொல்லு. நாளைக்கு எடுத்தா அது புதுப்படம், மறுபடம் ஆகாது."

"இப்ப போனா திரும்ப வரமாட்டாருய்யா. இங்க வர்றதுக்கே ரெண்டு மாசம் ஆயிருக்கு."

"உனக்குக் குறைதாம்மா கண்ணுல படும். வா, போட்டோவுக்கு நில்லு."

முதல் புகைப்படத்தில் இயக்குநர் கண்ணை மூடிவிட்டார். இரண்டாவதில் சோற்றுக் கோபுரத்தின் நுனி வெட்டுப்பட்டது. மூன்றாவதில் யாரோ தும்மினார்கள்.

"இன்னொண்ணு எடுப்பா. என்ன அவசரம்? சரியா விழற வரைக்கும் எடுக்கணும். வேலைன்னா சுத்தமா இருக்கணும்!"

பெஞ்சிலிருந்து இதையெல்லாம் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்த சுகேமி, நைசாக நழுவி வந்த ரெட்னோவிடம் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பெரியவருக்கு உடம்புக்கு என்ன? இத்தனை படம் எடுக்கறாங்களே!"

ரெட்னோவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கோபம் வந்துவிட்டது. அவரை உள்ளே அழைத்துப்போய், இருமி முடிக்கவிட்டு, மூச்சை அடக்கச் சொல்லிக்கொடுத்து, மறுபடி எடுத்தாள். நிழல் முழுசாகத் தெரிந்தது. மார்பு டாக்டர் அப்போதே அவருக்குப் படுக்கை ஒதுக்கினார்.

அவள் திரும்பி வந்தபோது பன்னிரண்டாவது புகைப்படம் ஒருவழியாகத் தேறியிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ரெட்னோ பேனாவை எடுத்துப் பதிவேட்டில் இரண்டு வரி எழுதினாள்.

'சுகேமி: மறுபடம் ஒன்று. காரணம், நுரையீரல் முழுதாக விழவில்லை.

இயக்குநர்: மறுபடம் பதினொன்று. காரணம், சோறு முழுதாக விழவில்லை.'